முதல் பரிசுப் பேச்சில் நான் விழுங்கிய வரி

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் விழிப்புணர்வுப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் நான். பரிசாக ஒரு எவர்சில்வர் தூக்குவாளி தந்தார்கள். அதில் இப்போது உடன்குடி கருப்பட்டி கிடக்கிறது. வாளியின் மேல் கல்லூரிப் பெயரும் 'விழிப்புணர்வே விடியல்' என்ற வாசகமும் பொறித்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் போட்டி நடந்த சமயத்தில் என் அம்மாவுக்கு, மாதவிடாய் நின்று மூன்று வருடம் ஆன பிறகு, மறுபடியும் துணியில் ரத்தம் பட்டுக்கொண்டிருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. சுவாரசியமாக இருக்கட்டும் என்று இதைக் கடைசிவரை நானும் ஒளித்துவைக்கலாம். எங்கள் வீட்டில் ஒளித்துவைத்த வரைக்கும் போதும்.

எங்கள் வீட்டில் மனித உடம்பு தலையில் தொடங்கி வயிற்றில் முடிந்துவிடும். அதற்கு அடுத்தது முட்டி. நடுவில் உள்ள அத்தனைக்கும் 'அடிவயிறு' என்று ஒரே பெயர். அதையும் பெண்கள் மட்டும் இருக்கும்போதுதான் சொல்லலாம். அப்பா உள்ளே வந்துவிட்டால் அடிவயிறு இடுப்பாகிவிடும். பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது 'வயித்துல ஒரு கட்டி' என்றார்கள். நான் பல வருடம் அவளுக்கு வயிற்றில் கொழுக்கட்டை மாதிரி ஏதோ இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு வண்ணார்பேட்டையில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை. ஒரு மிக்சியைக் கழற்றிப்போட்டு, எந்தச் சாமான் எதற்கு, எது தேய்ந்தால் என்ன சத்தம் வரும் என்று வருகிற ஆளுக்கெல்லாம் அரை மணி நேரம் பாடம் எடுப்பார். 'அண்ணாச்சி சத்தத்த வச்சே சொல்லிருவாரு' என்று ஊரில் பெயர். இருபத்தாறு வருடம் கூட இருந்த மனைவிக்குள் என்ன சாமான் இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. கேட்டதில்லை. கேட்டால் மரியாதையாக இருக்காது என்று நினைப்பவர். கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல்.

நான் அப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம். எங்கள் கல்லூரிக்கு விழிப்புணர்வு என்றால் உயிர். நெகிழி ஒழிப்பு, தாமிரபரணியைக் காப்போம், தலைக்கவசம் அணிவோம் என்று மாதம் ஒரு விழிப்புணர்வு வரும். எதுவானாலும் மேடையில் பேசுவது நான். ஸ்கூட்டியில் ஒருநாள்கூடத் தலைக்கவசம் போடாதவள் தலைக்கவசத்துக்கு இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறேன். எனக்கு எழுதித்தருவது எங்கள் தமிழ் மிஸ். அவர்களிடம் ஒரே ஒரு பேச்சு இருந்தது. தொடக்கத்தில் அவையோர்க்கு வணக்கம், நடுவில் அடுக்குமொழி, முடிவில் 'எழுவீர், விழிப்பீர்'. நடுவில் பொருளை மட்டும் மாற்றிப்போடுவார்கள். ஆற்றை எடுத்துவிட்டுத் தலைக்கவசம், தலைக்கவசத்தை எடுத்துவிட்டுக் கர்ப்பப்பை.

கைகாட்டுவதில்தான் சிக்கல் வந்தது. தலைக்கவசத்துக்குக் கையைத் தலையில் வைத்தோம். ஆற்றுக்கு அலை மாதிரி ஆட்டினோம். கர்ப்பப்பைக்குக் கையை எங்கே வைப்பது? மிஸ் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு, "நெஞ்சுல வையிம்மா, பாக்க நல்லாருக்கும்" என்றார்கள். நானும் நெஞ்சில் கை வைத்துக் கர்ப்பப்பையைப் பற்றிப் பேசிப் பழகினேன்.

பேச்சின் நடுப்பகுதியை மிஸ் எங்கிருந்தோ எடுத்து எழுதியிருந்தார்கள். எச்.பி.வி. என்கிற கிருமியால் வருகிறது, அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, இன்னின்ன அறிகுறிகள் என்று இருக்கும். அறிகுறிகளில் ஒரு வரி: 'மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மீண்டும் இரத்தம் படுமானால், அஞ்சாமல், மறைக்காமல், உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.'

என் பேச்சுக்கெல்லாம் வீட்டில் ஒத்திகை அம்மாவிடம்தான். சாயங்காலம் சுளகில் சின்ன வெங்காயத்தைப் போட்டு உரித்துக்கொண்டே, காகிதத்தை மடியில் விரித்து வைத்து, வரிக்கு வரி விரலை வைத்துக்கொண்டு வருவாள். பத்தாவது வரை படித்தவள். ஒரு எழுத்து தவறினால் விடமாட்டாள். நான் அடுக்குமொழியில் ரயில் மாதிரி போவேன். அந்த வரி வந்ததும் குரல் உள்ளே போய்விடும். அப்பா எந்த நேரமும் கடையிலிருந்து வந்துவிடுவார் என்று வாசல் பக்கம் ஒரு கண் இருக்கும். 'மாத' என்று தொடங்கி, மீதியை விழுங்கி, 'மருத்துவரிடம் செல்ல வேண்டும்' என்று வெளியே வருவேன்.

"ஏட்டி, நில்லு. ஒரு வரிய முழுங்கிட்ட."

"சொல்லிட்டேம்மா."

"எங்கன சொன்ன? எனக்கே கேக்கல. வாய்விட்டுச் சொல்லு."

"அப்பா வந்துருவாங்கம்மா."

"வரட்டும். மேடையில அவிய முன்னாடிதான சொல்லப்போற? இங்க சொன்னா என்ன?"

ஒத்திகை பார்த்த நான்கு நாளும் இதே கதைதான். மற்ற இடத்தில் தப்பு விட்டால்கூடப் பேசாமல் இருந்துவிடுவாள், அந்த வரியில் மட்டும் பிடித்துக்கொள்வாள். எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. எங்கள் அம்மா திடீரென்று பெரிய முற்போக்காகிவிட்டாளே என்று உடன்குடிக்காரத் தோழியிடம் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றும்.

பேச்சு என் வாயில் ஏறிக்கொண்டிருந்த அதே நாட்களில் ஊசியைப் பற்றிப் பிள்ளைகள் பேசியதையும் கேட்க வேண்டும். கேன்டீனில் ஒருத்தி, அது கல்யாணம் நிச்சயமானவர்களுக்கு மட்டும் போடுகிற ஊசி என்றாள். இன்னொருத்தி, போட்டால் பிள்ளை பிறக்காது, அவள் மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார் என்றாள். அந்த மாமா அதற்கு முந்தின மாதம், வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் எல்லா நோயும் போகும் என்று அனுப்பியவர். மூன்றாவதாக ஒருத்தி குரலைத் தாழ்த்தி, "அது ஒரு மாதிரி போற பிள்ளைகளுக்கு உள்ளதுட்டி. நமக்கு எதுக்கு?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. 'நமக்கு எதுக்கு' என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. எனக்கும்தான். தடுப்பூசியின் பெருமையை அடுக்குமொழியில் பேசப்போகிறவள், உள்ளுக்குள் நான் ஒழுங்கான பிள்ளை, எனக்கு எந்தக் கிருமி வரும் என்று இருந்தேன். ஒழுக்கத்தைப் பார்த்துக் கிருமி கும்பிட்டு விலகிப்போகும் என்று நினைப்பு.

போட்டிக்கு முந்தின நாள் மிஸ் கடைசி ஒத்திகை பார்த்தார்கள். அந்த வரி வந்ததும் கையை உயர்த்தினார்கள்.

"இது வேண்டாம்மா. நடுவர்கள்ல ரெண்டு பெரியவங்க ஆம்பளைங்க. பெற்றோர் எல்லாம் வாராங்க. நல்லாருக்காது."

"சரி மிஸ்" என்றேன். அவ்வளவு நிம்மதி எனக்கு. அந்த இடத்தில் 'மண்ணைக் காப்பவள் பெண், மரபைக் காப்பவள் பெண்' என்று இரண்டு வரி சேர்த்துக்கொடுத்தார்கள். நோய்க்கும் மண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லவும் இல்லை. போட்டி முடிந்தால் காகிதம் குப்பைக்குத்தானே போகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

போட்டியன்று அப்பா கடையைப் பாதிநாள் அடைத்துவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். அவரை முன்வரிசையில் உட்காரவைத்தவள் அம்மா. "மக பேசுதா, பின்னாடி போய் உக்காந்தா என்ன கேக்கும்?" என்று சொல்லிப் பைய நகர்த்திக்கொண்டு வந்துவிட்டாள். அவளும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பெண்கள் பக்கம் தனியாக இருந்தது, அங்கே போகவில்லை.

நான் பேசினேன். நெஞ்சில் கை வைத்தேன். மண்ணைக் காத்தேன், மரபைக் காத்தேன். கைதட்டல் ஓய ஒரு நிமிடம் ஆனது. நடுவராக வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், இவ்வளவு சங்கடமான விஷயத்தை இவ்வளவு நாகரிகமாகப் பேசிய இந்தப் பிள்ளைக்குத்தான் முதல் பரிசு என்றார். நாகரிகம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒன்றுமே சொல்லாமல் ஐந்து நிமிடம் பேசுவது.

சிறப்பு விருந்தினர் ஒரு பெண் மருத்துவர். கண்ணாடி போட்ட, சிரிக்காத பெண்மணி. பரிசு கொடுத்து முடித்ததும் மைக்கை வாங்கி, "சரி, இங்க எத்தனை பேர் தடுப்பூசி போட்டிருக்கீங்க? கை தூக்குங்க" என்றார்கள். அரங்கத்தில் ஒரு கையும் எழவில்லை. "போட்டுக்க விருப்பம் உள்ளவங்க?" அதற்கும் இல்லை. முழங்கையைச் சொறிவதற்குக்கூட யாரும் கையைத் தூக்கவில்லை, தப்பாகக் கணக்கில் போய்விடும் என்று பயம். மேடையில் தூக்குவாளியோடு நின்ற என்னைப் பார்த்து, "நீ போடலியாம்மா?" என்றார்கள்.

"வீட்ல கேக்கணும் மேடம்" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

நிகழ்ச்சி முடிந்து முகம் கழுவப் போன இடத்தில் உடன்குடிக்காரி என் காதோடு, "ஏட்டி, நான் மூணு ஊசியும் போட்டாச்சு. எங்க அக்கா துபாய்ல நர்சுல்லா, அவ நின்னு போட வச்சா. யாருட்டயும் சொல்லிராத, சத்தியம் பண்ணு" என்றாள். திருடின பணத்தை எங்கே புதைத்திருக்கிறது என்று சொல்கிறவள் மாதிரி சொன்னாள். நானும் சத்தியம் பண்ணினேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, மகள் பேசின பெருமையை அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அந்த வரிய ஏன் விட்டுட்ட?" என்றாள்.

"மிஸ் எடுக்கச் சொல்லிட்டாங்க."

"மறந்துட்டியோன்னு நெனச்சேன்."

"அத விட்டதாலதாம்மா பரிசே. அதச் சொல்லியிருந்தா மானம் போயிருக்கும்."

அம்மா தூக்குவாளியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலையில், "கிளம்பு, ஊசி போட்டுட்டு வந்துருவோம். அந்த டாக்டர்தான் வண்ணார்பேட்டையில இருக்காங்களாம்" என்றாள் அம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கெதுக்கு, நான் என்ன அப்படிப்பட்டவளா என்று எகிறினேன். "ஊருக்கெல்லாம் சொன்னவ நீ போட வேண்டாமா?" என்று ஒரே போடாகப் போட்டாள். அப்பாவிடம், "பொம்பளப் பிள்ளைகளுக்கு உள்ள ஊசி" என்று மட்டும் சொன்னாள். அப்பா, "சரி, சரி" என்று சட்டென்று செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். பிறகுதான் புரிந்தது. எங்கள் பக்கம் பெண்கள் டாக்டரிடம் தனியாகப் போகிற வழக்கம் கிடையாது. பிள்ளை உண்டானவளாக இருக்க வேண்டும், இல்லை யாருக்காவது துணையாகப் போக வேண்டும். துணைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ள அம்மாவுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நான்.

காத்திருக்கிற இடத்தில் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை, திசையன்விளையில் கட்டிக்கொடுத்த அத்தை, உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் கண் முதலில் என் கழுத்துக்குப் போனது, தாலி இல்லை. பிறகு வயிற்றுக்குப் போனது.

"என்ன மைனி, பிள்ளையக் கூட்டிட்டு இங்கன?"

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் மூட்டுவலி" என்றாள் அம்மா. வாசலில் 'மகளிர் மற்றும் மகப்பேறு மருத்துவம்' என்று ஆள் உயரத்துக்குப் பலகை இருந்தது.

அத்தை கொஞ்சமும் அசரவில்லை. "எனக்கும் மூட்டுவலிதான் மைனி, உயிரு போகுது" என்றாள். எதிரே இருந்த இன்னொரு அம்மாவும் தன் முட்டியைத் தடவிக்கொண்டாள். அன்றைக்கு அங்கே இருந்த அத்தனை பெண்களுக்கும் முட்டியில்தான் கோளாறு.

உள்ளே போனதும் டாக்டருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "வீட்ல கேட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, கையில் ஊசியைப் போட்டார்கள். எறும்பு கடித்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அடுத்த ஊசிக்கு எப்போது வர வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார்கள். நான் எழுந்துவிட்டேன். அம்மா எழவில்லை.

"ஏட்டி, நீ வெளிய இரு" என்றாள். நான் போகவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகு போக முடியவில்லை.

அம்மா டாக்டரைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நின்னு மூணு வருஷம் ஆச்சு, இப்போ மறுபடி படுது, முதலில் கொஞ்சமாகத்தான் இருந்தது, இப்போது அடிக்கடி.

"எத்தனை மாசமா?"

"ஏழு மாசம் இருக்கும்."

 என் வாயிலிருந்து வந்ததோ இதுதான்: "மேடம், அப்ப அம்மாவுக்கும் இந்த ஊசிய இப்பவே போட்டுருங்க. சரியாயிரும்லா?"

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "நீதானம்மா முதல் பரிசு?" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை, அது இன்னும் வலித்தது. ஊசி வராமல் தடுப்பதற்குத்தான், வந்ததைச் சரியாக்காது, அம்மாவுக்கு வேண்டியது பரிசோதனை, ஊசி போட்ட நானும் வயது வரும்போது பரிசோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்கள். இவ்வளவும் என் பேச்சில் இருந்தது. நெஞ்சில் கை வைத்து ஒப்பித்திருக்கிறேன். ஒரு எழுத்தும் என் மண்டைக்குள் இறங்கவில்லை.

பரிசோதனைக்குச் சதை எடுத்து அனுப்பினார்கள், முடிவு வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான். வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். அம்மா சொல்ல மாட்டாள் என்று தெரிந்து நான் கடைக்குப் போனேன். அப்பா ஒரு மிக்சியை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். நிற்கட்டும் என்று, எந்தச் சொல்லையும் மாற்றாமல், இடுப்பு முட்டி என்று இறக்காமல், சொன்னேன். அப்பா மிக்சியை அணைத்தார்.

"ஏழு மாசமாவா? எங்கிட்ட ஏன் சொல்லல, பிள்ள?" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கிருந்த ஜாரையெல்லாம் எடுத்து எறிந்திருப்பேன். ஆனால் அதற்குள் அவர் நின்ற இரண்டு பேரையும் அனுப்பிவிட்டு எழுந்துவிட்டார். ஷட்டரைப் பாதி இறக்கி, மீதியை இறக்கத் தெரியாமல் நின்றார். நான்தான் இறக்கினேன்.

ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஆபரேஷனோடு போயிருக்கும் என்றார் பெரிய டாக்டர். இப்போது கதிர்வீச்சும் வேண்டும், பார்க்கலாம் என்றார். தினமும் போய்வந்தோம். வாடிக்கைக்காரர்கள் விசாரித்தால் அப்பா, "வீட்ல மூட்டு ஆபரேஷன்" என்பார். நான் பக்கத்தில் இருந்தால் மட்டும், தொண்டையைக் கனைத்துவிட்டு, "கர்ப்பப்பையில" என்று தரையைப் பார்த்துச் சொல்வார். அந்த அளவுக்கு விழிப்புணர்வு.

ஒருநாள் கதிர்வீச்சு அறைக்கு வெளியே அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அப்பா டீ வாங்கப் போயிருந்தார். அடக்கி அடக்கி வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அப்பாட்டத்தான் சொல்லல. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லாம்மா? நானே அதப் பத்தித்தான பேசிட்டுத் திரிஞ்சேன்?"

அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"எனக்கு எப்படிச் சொல்லன்னு தெரியலட்டி. ஒன் பேச்சுல அந்த வரியப் பாத்ததும் ஒரு தைரியம் வந்துச்சு. நீ மைக்ல சொல்லுவ, ஒங்க அப்பா முன்னாடி உக்காந்து கேப்பாவன்னு இருந்தேன். அவிய காதுல ஒரு தடவ விழுந்துட்டா, பொறவு வீட்டுக்கு வந்து, நம்ம பிள்ள மேடையில சொன்னால்லா, அதுதான் எனக்குன்னு சொல்லியிருப்பேன். நீ பேசி முடிக்கது வரைக்கும் காத்துக்கிட்டே இருந்தேன். இப்ப சொல்லுவா, இப்ப சொல்லுவான்னு."

எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தில் அழக்கூட முடியவில்லை. அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அம்மா எழுந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போய்விட்டாள்.